கல்யாணப் பத்திரிகையின் முதுகில் பிரெஞ்சு

(சென்னைப் பள்ளிகளில் பிரெஞ்சு நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மதாம், இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் 42 பிள்ளைகள், வாரத்துக்கு மூன்று பீரியட். ஸ்மார்ட் போர்டு பெரிய வகுப்புகளுக்கு மட்டும்தான். ஃபிளாஷ் கார்டு வாங்கப் பணம் கேட்டால் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்கிறார்கள். வெறும் புத்தகத்தையும் சாக்பீஸையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?
– ஆசிரியை ஒருவர், பெரம்பூர்

அடுத்த வருஷமும் இதையேதான் சொல்வார்கள் அம்மா. அந்தப் பணத்தை மறந்துவிட்டு, உங்கள் வீட்டு பீரோ மேலே எட்டிப் பாருங்கள். சாமி படம் போட்டிருக்கிறதே என்று தூக்கிப் போட மனசு வராமல் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அட்டை கெட்டியாக இருக்கும், நாற்பது கை மாறினாலும் மடங்காது. ஆளுக்கு இரண்டு கொண்டுவரச் சொன்னால் எண்பது கார்டு சேர்ந்துவிடும். இன்னும் வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். காகிதக் கடையும் பத்திரிகைக் கடையுமாக வரிசை கட்டி நிற்கிற தெரு. வெட்டி மிஞ்சின துண்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கார்டில் படம் மட்டும் இருக்கட்டும், வார்த்தையை எழுத வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரி. பறவைக்குப் பிரெஞ்சில் ‘வாஸோ’. அதை எழுதுகிற எழுத்துகளைப் பார்த்தால் ஆங்கிலம் படித்த பிள்ளை ‘ஒய்சியூ’ என்று ஏதோ சொல்லும், அப்புறம் அதை மாற்ற ஒரு மாசம் ஆகும். முதலில் காது, அப்புறம் வாய். எழுத்துக்கூட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் போதும்.

படத்தையும் பிள்ளைகளே போடட்டும். பதினோரு வயசுப் பையன் போட்ட பசு நாய் மாதிரி இருக்கும். அதை நீங்கள் தூக்கிக் காட்டினால் பாதி வகுப்பு ‘செ தன் ஷியேன்!’ (இது நாய்) என்று கத்தும். போட்டவன் எழுந்து நின்று ‘நோன்! செ த்யுன் வாஷ்!’ (இல்லை, பசு) என்று சண்டைக்கு வருவான். கடையில் வாங்கிய வழவழப்பான கார்டில் இந்தச் சண்டை கிடைக்காது. எனக்குத் தெரிந்து ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் தாமாகவே பிரெஞ்சில் பேசுகிற முதல் வாக்கியம் இதுதான். இல்லை, அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: ‘ஜெ பெ அலே ஓ த்வாலெத்?’ பாத்ரூம் போகலாமா என்று பிரெஞ்சில் கேட்டால்தான் அனுமதி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். யாரும் நடத்தாமலே மூன்று நாளில் வகுப்பு முழுக்க மனப்பாடம்!

சரி, விளையாட்டுக்கு வருவோம். ‘காக்கா பற பற, எருமை பற பற’ விளையாடியிருப்பீர்கள். பறக்காததற்குக் கை தூக்கினவர் அவுட். பிரெஞ்சுப் பிள்ளைகளிடமும் அச்சு அசலாக இதே ஆட்டம் உண்டு, ‘பிஜோன் வோல்’ என்று பெயர். பிஜோன் என்றால் புறா, வோல் என்றால் பறக்கிறது. ‘பிஜோன் வோல்!’ என்றால் எல்லாக் கையும் மேலே. ‘வாஷ் வோல்!’ என்றால் பசு பறக்காது, கை கீழேயே இருக்க வேண்டும். ‘ஷேஸ் வோல்!’, அதாவது நாற்காலி பறக்கிறது என்று நீங்கள் சொல்லும்போது நாலு கை தூக்கிவிடும். அங்கேதான் பாடம் ஆரம்பம். அவுட் ஆனவன் மறுபடி உள்ளே வரவேண்டும் என்றால் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: ‘லா ஷேஸ் ந வோல் பா’, நாற்காலி பறக்காது. பிரெஞ்சில் வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு ‘ந’, பின்னால் ஒரு ‘பா’ போட்டால்தான் எதிர்மறை முழுசாகும். போர்டில் சூத்திரமாக எழுதிப்போட்டு அரைமணி நேரம் விளக்குவது இந்த ஆட்டத்தில் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அடுத்த வாரம் பறப்பதை விட்டுவிட்டு நீந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் அதே, வினைச்சொல் மட்டும் புதுசு.

எண்களுக்கு நம் ஊர் பஸ்ஸைவிட நல்ல கருவி கிடையாது. பிரெஞ்சில் 60 வரைக்கும் தொல்லை இல்லை. 70 என்றால் ‘அறுபது-பத்து’. 80 என்றால் ‘நாலு-இருபது’. 91 என்பது ‘நாலு-இருபது-பதினொன்று’, 99 என்பது ‘நாலு-இருபது-பத்து-ஒன்பது’. (பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70-க்கும் 90-க்கும் தனியாக ஒழுங்கான சொல் இருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே பெல்ஜியத்துக்குக் குடிபோகத் தயாராகிவிடும்.) பத்திரிகை அட்டையில் பஸ் நம்பர்களை எழுதுங்கள்: 70, 91, 99, 29சி, 21ஜி, 27டி. வகுப்புக்கு முன்னால் நாலு பெஞ்சைப் போட்டால் அதுதான் பஸ். ஒருத்தர் கண்டக்டர். அவர் நம்பரைப் பிரெஞ்சில் கூப்பிடுவார், அந்த நம்பரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறவர்கள் ஓடிவந்து ஏற வேண்டும். தப்பான பஸ்ஸில் ஏறினவர் இறங்கி அடுத்த கண்டக்டராகிவிடுவார். நம்பருக்குப் பின்னால் எழுத்து வருவதால் பிரெஞ்சு அகரவரிசையும் இதிலேயே வந்துவிடும். முக்கியமாக ‘21ஜி’. ஆங்கிலத்தில் ‘ஜி’ என்கிற எழுத்துக்குப் பிரெஞ்சில் ‘ஜே’, ‘ஜே’ என்கிற எழுத்துக்கு ‘ஜி’. நேர் தலைகீழ்! இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் பரீட்சை வரைக்கும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். அந்த 21ஜி பஸ்ஸை ஒருமுறை தவறவிட்ட பையன் மறக்க மாட்டான்.

கடைசியாக ஒன்று. 42 பேர், 40 நிமிஷம். ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம்கூட வராது, மீதி 41 பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். பெஞ்ச் பெஞ்சாக ஜோடி சேர்த்துவிடுங்கள். சத்தமாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே நல்லபடியாகப் பேசி வையுங்கள்.

எங்கள் பள்ளியில் பிரெஞ்சு வகுப்பில் தமிழ் பேசவே கூடாது, விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்று பிரின்சிபால் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு வரவே மாட்டேன் என்கிறது. குறிப்பாக மூக்கால் சொல்கிற ஒலிகள். என்ன பயிற்சி கொடுக்கலாம்?
– ஆசிரியர் ஒருவர், கே.கே. நகர்

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டதாக நினைக்கிறீர்கள் சார். இரண்டும் ஒன்றுதான். உச்சரிப்பு வராததற்குக் காரணமே எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகக் கொண்டுபோவதுதான்.

மேசைக்குப் பிரெஞ்சுச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஆங்கிலம் மாதிரியே இருப்பதால் பிள்ளை ‘டேபிள்’ என்கிறது, அல்லது கொஞ்சம் முயற்சி செய்து ‘டாப்ல்’ என்கிறது. பிரெஞ்சு ‘த’ நாக்கு நுனி பல்லைத் தொட்டு வருகிற ஒலி. அது நம்ம ‘தம்பி’யில் இருக்கிற ‘த’. ‘தாப்ல்’ என்று சொல்லச் சொல்லுங்கள், முக்கால்வாசி வேலை முடிந்தது. ப, த, க மூன்றையும் ஆங்கிலேயர்கள் காற்றைத் தள்ளிக்கொண்டு சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தள்ள மாட்டார்கள், நாமும் தள்ள மாட்டோம். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ‘பாட்டி’ என்று சொல்லச் சொல்லுங்கள், காகிதம் அசையாது. அதே மாதிரி அசையாமல் ‘பாரி’ என்று சொன்னால் அது பிரெஞ்சுக்காரர் வாயில் வருகிற பாரிஸ். (கடைசி எழுத்தை அவர்கள் சொல்வதில்லை. ‘ரி’ மட்டும் தொண்டையிலிருந்து வர வேண்டும். அதற்குத் தண்ணீர் இல்லாமல் கொப்பளிக்கச் சொல்லிக்கொடுங்கள். ஒரு வாரம் வகுப்பே கொப்பளிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இப்போது மூக்கொலிக்கு வருவோம். ‘மரம்’ என்று எழுதுகிறோம். வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? கடைசியில் உதடு மூடுகிறதா? மூடாது. ‘மரோ’ என்கிற மாதிரி வந்து மூக்கில் போய் நின்றுவிடும். அந்த ஒலிதான் ‘போன்ழூர்’ என்று நாம் எழுதுகிற வணக்கத்தின் முதல் அசையில் இருப்பது. ‘வந்தான்’ என்பதைப் பேச்சில் சொல்லிப் பாருங்கள், கடைசியில் ‘ன்’ வராது, ‘ஆ’ மூக்கில் முடியும். குழந்தையைக் குறிக்கிற ‘ஆன்ஃபான்’ என்ற சொல்லில் இரண்டு தடவை வருவது ஏறத்தாழ அதுதான். ‘நான் வந்தேன்’ என்பதை இதே மாதிரி சொன்னால் முடிவில் வருகிற ஒலிக்குப் பக்கத்தில் இருக்கிறது ரொட்டிக்கான ‘பேன்’. மூன்று மூக்கொலியும் நம் பிள்ளைகள் பால்குடி மாறாத வயசிலிருந்து பேசுகிறவை. லண்டன் பிள்ளைதான் இதற்குத் திண்டாட வேண்டும், கே.கே. நகர் பிள்ளை எதற்குத் திண்டாட வேண்டும்?

போர்டில் ‘மரம், வந்தான், வந்தேன்’ என்று எழுதி, வீட்டில் பேசுகிற மாதிரியே சத்தமாகச் சொல்ல வையுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உடனே பக்கத்தில் மூன்று பிரெஞ்சுச் சொல் சொல்லுங்கள், அதே மூக்கு அங்கேயும் வந்துவிடும். நமக்கு இல்லாத உயிர் என்று ‘ஈ’யும் ‘ஊ’வும் கலந்த ஒன்று இருக்கிறது. ‘ஈ’ என்று இழுத்துக்கொண்டே, நாக்கை நகர்த்தாமல், உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவித்தால் வரும். கைக்கண்ணாடி இருந்தால் நல்லது.

இலக்கணத்திலும் இதே கதைதான். ‘எனக்குப் பன்னிரண்டு வயசு’ என்பதைப் பிரெஞ்சில் ‘என்னிடம் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது’ என்ற கட்டமைப்பில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் யோசிக்கிற பிள்ளை ‘நான் பன்னிரண்டாக இருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு மார்க்கை இழக்கிறது. ‘எனக்குப் பசி’யும் அப்படியே. தமிழில் யோசித்தால் ஒரு தப்பு குறையும். அப்புறம் நீ, நீங்கள். பிரெஞ்சில் ‘த்யு’ நண்பனுக்கு, ‘வூ’ பெரியவர்களுக்கும் பழக்கமில்லாதவர்களுக்கும். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பக்கம் ஆகும். ‘பிரின்சிபாலை நீ என்று கூப்பிடுவாயா?’ என்று கேட்டால் போதும். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லிவிடுங்கள்: அங்கே பிள்ளைகள் அப்பா, அம்மா, தாத்தாவைக்கூட ‘த்யு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிரின்சிபாலிடம் சண்டை போட வேண்டாம். வகுப்பில் முடிந்தவரை பிரெஞ்சு, முடியாத இடத்தில் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தைக் குறைத்துப் பிரெஞ்சைக் கூட்டியிருக்கிறேன் என்று சொன்னால் எந்தப் பிரின்சிபாலும் மறுக்க முடியாது.

நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். மேசை ஏன் பெண்பால், புத்தகம் ஏன் ஆண்பால்? எப்படி ஞாபகம் வைப்பது?
– மாணவி ஒருத்தி, நங்கநல்லூர்

ஏன் என்று கேட்காதே கண்ணு, பிரெஞ்சுக்காரர்களுக்கே தெரியாது. லத்தீனிலிருந்து வந்த பழக்கம். நமக்கு உயிரில்லாதது எல்லாம் ‘அது’தான், அதனால் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பழகிவிடும்.

ஒரு வழி சொல்கிறேன். நீல ஸ்டிக்கர், சிவப்பு ஸ்டிக்கர் ஒரு தாள் வாங்கிக்கொள். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு. உன் அறையில் எல்லாவற்றிலும் ஒட்டு. மேசை, நாற்காலி, கதவு, ஜன்னல், அழிப்பான், ஸ்கேல் சிவப்பு. புத்தகம், நோட்டு, பேனா, பை, சுவர், சைக்கிள் நீலம். அம்மாவிடம் கேட்டுவிட்டு ஒட்டு. இரண்டு மாசம் கழித்து ஸ்டிக்கரைக் கிழித்துவிடு, கதவைப் பார்த்தால் சிவப்பு தெரியும்.

சொல்லின் முடிவும் கொஞ்சம் உதவும். ‘சியோன்’ என்று முடிகிறவை கண்ணை மூடிக்கொண்டு பெண்பால் போடலாம். ‘எத்’ என்று முடிகிற சின்னப் பொருள்கள் பெரும்பாலும் பெண்பால். ‘ஆஜ்’ என்று முடிபவை பொதுவாக ஆண்பால், ஆனால் கடற்கரை, பக்கம், படம், கூண்டு நான்கும் பெண்பால். மெரினாவில் ஒரு பெண், கையில் புத்தகத்தின் ஒரு பக்கம், அதில் படம், படத்தில் கூண்டு என்று ஒரு காட்சியை நினைத்துக்கொள். பரீட்சையில் இந்த நான்கில் ஒன்று வந்தே தீரும்.

பெண் பத்தாவது முடித்துவிட்டாள். மெட்ரிக் பள்ளி. பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்கிறார்கள். இன்ஜினீயரிங்தான் லட்சியம். எடுக்கலாமா?
– தந்தை ஒருவர், அம்பத்தூர்

2006-ல் வந்த தமிழ் கற்கும் சட்டப்படி பத்தாவது வரை தமிழ் படித்திருப்பாள். பிளஸ் ஒன்னில் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் இன்ஜினீயரிங் கலந்தாய்வில் கட்-ஆஃப் என்பது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. மொழிப் பாடத்தின் மார்க் அதில் ஒரு புள்ளிகூடச் சேராது. அப்படியிருக்க, அள்ளுகிற மார்க்கை எங்கே கொண்டுபோய்க் கொட்டப் போகிறீர்கள்?

இரண்டு வருஷம் கேள்வி-பதிலை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வழி கேட்கத் தெரியாத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறதா என்று அவளிடம் கேளுங்கள். இருந்தால் தாராளமாக எடுக்கட்டும், நானே சந்தோஷப்படுவேன். மார்க்குக்காக மட்டும் என்றால் தமிழிலேயே இருக்கட்டும்.

கலாச்சாரம் என்றாலே ஈஃபிள் கோபுரம், குரோசான், பேஷன் என்று சார்ட் ஒட்டி அலுத்துவிட்டது. வேறு என்ன செய்யலாம்? பாண்டிச்சேரிக்குச் சுற்றுலா கூட்டிப்போவது பிரயோஜனமா?
– ஆசிரியை ஒருவர், வேளச்சேரி

எனக்கும் அந்தத் தெர்மாகோல் கோபுரத்தைக் கண்டாலே ஒரு சலிப்பு. உலக வரைபடத்தை எடுத்து வையுங்கள். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு தீவு. அது இன்றைக்கும் பிரான்ஸின் ஒரு மாவட்டம், அங்கே செலவாகிற பணம் யூரோ. 1848-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்களுடைய வாரிசுகள் பிரெஞ்சும் கிரியோலும் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழி) பேசிக்கொண்டு, தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு, தீமிதி நடத்துகிறார்கள். பக்கத்திலேயே மொரீஷியஸ், பிரெஞ்சு சரளமாகப் புழங்குகிற நாடு. அதன் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்து, எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாரிஸிலேயே லா ஷப்பேல் பகுதியில் இலங்கைத் தமிழர் கடைகள் தெரு முழுக்க. அங்கே மாணிக்க விநாயகர் கோயில் தேர் வருஷா வருஷம் வீதி உலா வருகிறது, நடுரோட்டில் தேங்காய் உடைக்கிறார்கள். அந்தத் தேரைப் பற்றி ஐந்து வாக்கியம் பிரெஞ்சில் எழுது என்றால் பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருக்கும். கோபுரம் எத்தனை மீட்டர் என்பதில் என்ன இருக்கிறது?

கொண்டாட்டம் வேண்டுமென்றால் ஏப்ரல் 1-ஐ விடாதீர்கள். பிரெஞ்சுப் பிள்ளைகள் அன்றைக்குக் காகித மீன் வெட்டி, அடுத்தவர் முதுகில் தெரியாமல் ஒட்டிவிட்டு ‘ப்வாஸோன் தாவ்ரில்!’ என்று கத்துவார்கள், ஏப்ரல் மீன் என்று பொருள். நம் காலத்தில் உருளைக்கிழங்கில் எழுத்து செதுக்கி, இங்க் தொட்டுச் சட்டையில் குத்துவோமே, அதைவிட இது அம்மாக்களுக்கு உத்தமம். ஒவ்வொரு மீனிலும் ஒரு கட்டளை எழுதியிருக்கட்டும்: ‘குதி’, ‘பாடு’, ‘கதவைச் சாத்து’. முதுகில் மீனோடு மாட்டினவர் அதைப் படித்துச் செய்து காட்ட வேண்டும். கட்டளை வினைச்சொல் பாடம் முடிந்தது.

பாண்டிச்சேரி நிச்சயம் பிரயோஜனம், வெறும் செல்ஃபி எடுக்க விடாமல் இருந்தால். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர், காலையில் கிளம்பினால் ராத்திரி திரும்பிவிடலாம். பஸ்ஸிலேயே ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துவிடுங்கள். தெருப் பெயர்ப் பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் இருக்கும். பிரெஞ்சைப் பார்த்து எழுதி, தமிழில் அந்த ஒலியை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். சொல்லாமல் விடுகிற எழுத்துகள் எவை என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ட்யூமா தெருவில் தேவமாதா கோயிலுக்கு எதிரே ழான் தார்க் (ஆங்கிலத்தில் ஜோன் ஆஃப் ஆர்க்) சிலை இருக்கிறது, அதன் கீழே உட்கார்ந்து பத்து நிமிஷம் கதை சொல்லலாம். பாண்டிச்சேரி நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து கைமாறியது 1954 நவம்பர் 1, சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. இந்த இரண்டு தேதிகளையும் எண்களைப் படிக்கிற பயிற்சியாகவே வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளையையும் சொல்லுங்கள். 1736-லிருந்து 1761 வரை, கப்பல் வந்ததிலிருந்து கவர்னர் வீட்டுச் சண்டை வரை தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்தவர். திரும்பி வந்ததும் பிள்ளைகள் அந்த ஒரு நாளைப் பற்றிப் பிரெஞ்சில் நாலு வரி நாட்குறிப்பு எழுதட்டும்.

மகனுக்கு ஒன்பது வயது. இப்போதே டெல்ஃப் எழுத வைக்கலாமா?
– தாய் ஒருவர், அடையாறு

வைக்கலாம், அவசரம் இல்லை. டெல்ஃப் என்பது பிரெஞ்சு மொழித் திறனுக்குப் பிரான்ஸ் கல்வி அமைச்சகம் தருகிற சான்றிதழ், ஆயுசுக்கும் செல்லும். சிறுவர்களுக்கு டெல்ஃப் பிரிம், உயர்நிலைப் பள்ளி வயசுக்கு டெல்ஃப் ஜூனியர். ஏ1 என்கிற ஆரம்ப நிலையில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 எடுத்தால் பாஸ், ஆனால் எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. இந்த 5 மார்க் விதிதான் நம் பிள்ளைகளுக்குப் பொறி. எழுத்தில் வெளுத்து வாங்கிவிட்டு, கேட்டலில் மாட்டிக்கொள்வார்கள். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கிற பிரெஞ்சு மொழி மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் தேதியும் கட்டணமும் விசாரியுங்கள். அங்கே நூலகமும் இருக்கிறது, படக்கதைப் புத்தகங்களைப் பையன் புரட்டிப் பார்க்கட்டும்.

இணையத்தில் எது உபயோகம்? வகுப்பில் என் போனும் ஒரு சின்ன ஸ்பீக்கரும்தான் இருக்கிறது.
– ஆசிரியர் ஒருவர், தாம்பரம்

அது தாராளம். டிவி5மோந்த் தொலைக்காட்சியின் பிரெஞ்சு கற்கும் தளத்தில் ஏ1-லிருந்து நிலை வாரியாகக் குட்டிக் குட்டி வீடியோக்கள், பயிற்சியோடு இலவசம். ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சில் செய்தி வாசிக்கிறது. அது ஒன்பது, பத்தாம் வகுப்புக்குத்தான் சரிப்படும், சின்னப் பிள்ளைகளுக்கு வேகம் அதிகம். டெல்ஃப் மாதிரித் தாள்கள் ஒலிப்பதிவோடு பிரான்ஸ் எஜுகேசியோன் அன்டர்நாசியோனால் தளத்தில் கிடைக்கின்றன.

வகுப்பில் நெட்வொர்க்கை நம்பாதீர்கள், வீட்டிலேயே போட்டுப் பார்த்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் எதையும் போட வேண்டாம். முதல் தடவை போடும்போது எத்தனை பேர் பேசுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். பின்னால் ரயில் சத்தம் கேட்டால் ஸ்டேஷன் என்று கடைசி பெஞ்சுக்காரன்கூடச் சொல்லிவிடுவான். இரண்டாம் தடவை, தெரிந்த ஒரு சொல்லைப் பிடிக்கச் சொல்லுங்கள். முழு அர்த்தத்தை மூன்றாம் தடவைக்கு முன்னால் கேட்காதீர்கள். எழுதி வைத்த உரையை நீங்களே படித்துக் காட்டிவிட்டுப் பிறகு ஒலியைப் போடுகிற டீச்சர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். ஸ்பீக்கரைக் கடைசி பெஞ்சுப் பக்கம் வையுங்கள், முன்னால் இருக்கிறவர்களுக்கு எப்படியும் கேட்கும்.